உறவுமுறை: தங்கை

உள்ளறையில் கைபேசி அடித்தது. ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டதுபோல் மறுபடியும் அடித்தது.

முன்னறையில் உட்கார்ந்திருந்த நெனிதா மக்பனுவாவின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. சனிக்கிழமை காலையில் இந்த நேரத்தில் அழைப்பது யார் என்று அந்தக் கால்களுக்கே தெரியும். இங்கே வர்ஜீனியா பீச்சில் வெயில் ஏறும் வேளை, அங்கே பிலிப்பைன்ஸில், இலோயிலோவில் அடுப்படி கழுவிப் படுக்கை விரிக்கிற வேளை. அவள் முழங்கால்கள் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, தன்னைத்தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எதிர் நாற்காலியில் இருந்தவர் பேனாவை நிறுத்தினார். "எடுங்க மேடம். நான் காத்திருக்கேன்."

"பரவாயில்ல சார். என் தங்கச்சிதான். அப்புறம் பேசிக்குவேன்."

தங்கச்சி. முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன சொல். மாதாகோவிலில் சொல்லியிருக்கிறாள், கட்டின கணவனிடம் சொல்லியிருக்கிறாள். எங்கேயும் இடறாத அந்தச் சொல் இன்று இடறியது. கேட்பதற்கெல்லாம் உண்மையைத்தான் சொல்வேன் என்று சற்று முன்புதான் இந்த மனிதரிடம் உறுதி கொடுத்திருந்தாள்.

அவர் பெயர் வெர்னன் டில்லர்ட். நரைத்த கறுப்பர், ஒருகாலத்தில் கடற்படையில் இருந்தவர், இப்போது அரசாங்கத்துக்காக ஆட்களை விசாரிப்பவர். அப்படி ஒருவர் வீட்டுக்கு வருவது எங்கள் ஊரில் புதிதல்ல. தெருவுக்கு நாலு வீட்டில் கப்பற்படைச் சோறு. நாலில் ஒன்று பிலிப்பினோ வீடு. பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பாரா, கடன் உண்டா, வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகிறார்களா என்று எங்களையும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள்.

நெனிதா கப்பல் பழுதுபார்க்கும் துறையில் உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்தாள். வெளிவேலிக்கு அருகே இருந்த கிடங்கு அது. கோடையோடு அதை மூடப்போகிறார்கள். வேலை வேண்டும் என்றால் உள்வேலிக்குள், நீர்மூழ்கிகளுக்குச் சாமான் கொடுக்கும் பிரிவுக்குப் போகவேண்டும். அங்கே கால் வைக்கப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அனுமதி இல்லாதவர்களுக்கு ஒரு கேக் வெட்டி, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். விதவைக்கு அந்தக் கேக் எத்தனை நாள் வயிற்றில் நிற்கும்?

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எழுதினாள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், ஜோவெலின். உறவுமுறை: தங்கை. குழந்தைகள் என்ற இடத்தில், இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோவில் கூடத்தில் எல்லோரும் சாப்பிடும்போது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவளுடைய சிநேகிதி வில்மாவுக்குத் தெரியாத சட்டமே கிடையாது. "வாராவாரம் பேசறேன்னு சொல்லித் தொலைச்சிடாதடி நெனி. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான்னு சொல்லு. ஊர்ல யாருமில்லாத அநாதைன்னா அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். உடனே யாரோ, முன்பு இதேபோல் அனுமதி கேட்டிருந்த டோடோங்கின் கதையை எடுத்தார்கள். விசாரணைக்குப் பயந்து, டோடோங் கூடப்பிறந்த அண்ணனோடு ஒரு வருஷம் பேச்சையே நிறுத்திவிட்டார். விசாரிக்க வந்தவர் முதலில் கேட்டதே, இத்தனை வருஷம் பேசின அண்ணனோடு திடீரென்று ஏன் பேசவில்லை என்பதுதான். டோடோங் திருதிருவென்று விழித்திருக்கிறார். அண்ணனோ அங்கே, தம்பிக்கு அமெரிக்கத் திமிர் ஏறிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். கூடமே சிரித்தது. நெனிதாவும் சிரித்தாள்.

இன்று டில்லர்ட் வருகிறார் என்று விடியுமுன்பே எழுந்து நூடுல்ஸ் வதக்கி, கறி வைத்துச் சுருட்டிய லும்பியாவைப் பொரித்து மேசையில் பரப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போனால் அந்த வீட்டின் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம். அவரோ தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். விதி அப்படியாம்.

"இந்த வாசனைக்கு நடுவுல உட்கார்ந்து கேள்வி கேக்கறது எனக்குத்தான் தண்டனை மேடம்" என்று சொல்லி, தட்டு கண்ணில் படாதபடி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதனாலேயே அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயம் தெளிந்தது.

குடியுரிமையைப் பற்றிக் கேட்டார். பிறந்த நாட்டின் குடியுரிமையை மறுபடி வாங்கியிருக்கிறாளா, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று.

"இல்ல சார். வாங்கணும்னு ஆசைப்பட்டோம், நானும் அவரும். வயசான காலத்துல ஊர்ல போய் இருக்கலாம்னு. தூதரகத்துல உறுதிமொழி எடுத்தா போதும்னாங்க. ஆனா ரெண்டு நாட்டுக் குடியுரிமை இருந்தா இங்க வேலைக்கு ஆபத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தோம்."

அவர் தலையை அசைத்தார். இரட்டைக் குடியுரிமை இருக்கிறது என்ற ஒன்றுக்காக மட்டும் அனுமதி மறுப்பதில்லை என்றார். அதை மறைத்தால் தப்பு; அந்த நாட்டுக்கு இந்த நாட்டைவிட அதிக விசுவாசம் காட்டினால் தப்பு. மற்றபடி வாங்கினோம் என்று சொல்லிவிட்டால், அதுவும் எடைபோடுகிற பல விஷயங்களில் ஒன்று.

அந்த உறுதிமொழி நாளுக்கென்று அவள் கணவர் அர்செனியோ அன்னாசி நாரில் நெய்த ஊர்ச்சட்டை ஒன்றைத் தைத்து வைத்திருந்தார். வருஷாவருஷம் எடுத்து இஸ்திரி போடுவார். இந்த வருஷமும் வேண்டாம் என்று மறுபடி மாட்டுவார். கடைசியில் அந்தச் சட்டையோடுதான் அவரைப் புதைத்தார்கள். கேட்கவேண்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனிதர் அதை உயிரோடு உடுத்தியிருப்பார்.

அடுத்துத்தான் அவர் அந்தக் கேள்விக்கு வந்தார்.

"தங்கச்சியோட எத்தனை நாளுக்கு ஒருதடவை பேசுவீங்க?"

வில்மா சொல்லிக்கொடுத்தது நாக்கின் நுனிவரை வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வாராவாரம் சார். சில சமயம் வாரத்துல ரெண்டு தடவை. இப்ப குழந்தை பிறந்ததுலேருந்து தினம்."

"ரொம்ப நெருக்கம்."

"ஆமா சார்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதியபடியே, எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்ற தோரணையில், நிமிராமல் கேட்டார். "அங்க இருக்கறவங்களை வெச்சு உங்களை யாராவது மிரட்டவோ வளைக்கவோ முடியுமா? வெளிய தெரிஞ்சா போச்சுன்னு நீங்க பயப்படற விஷயம் ஏதாவது?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் காகிதத்தைப் புரட்டிவிடுவார். உள்வேலிக்குள் வேலை, மாதச் சம்பளம், அர்செனியோ வாங்கிய இந்த வீடு, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசைகட்டி நின்றன.

அப்போது உள்ளே கைபேசி மறுபடி அடித்தது.

நெனிதாவின் கண்ணிலிருந்து கேட்காமலே நீர் இறங்கியது.

"அவ என் தங்கச்சி இல்ல சார்" என்றாள். "நான் பெத்த பொண்ணு."

பேனா நின்றது. கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

எங்கள் தீவுகளில் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. மணமாகாத பெண் வயிற்றில் வாங்கிக்கொண்டு வந்து நின்றால், அவளைப் பெற்றவள் நெஞ்சில் இரண்டு அடி அடித்துக்கொள்வாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறக்கப்போவது தன் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். பேத்தி மகளாவாள், தாய் அக்காவாவாள். தெருவே அறியும். தெருவே அந்தக் குழந்தையின் காதில் விழாமல் பொத்திவைக்கும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. குடும்ப மானம் என்போம்.

நெனிதாவுக்கு அப்போது பதினெட்டு வயது. மாலுமிப் படிப்புப் படித்த ஒருவன் கப்பலேறியவன் ஏறியவன்தான். அவள் அம்மா கொன்சுலாசியோன் மகளைக் கூட்டிக்கொண்டு எதிரே கிமராஸ் தீவில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனாள். போகும்போதே கர்ப்பிணிபோல் தளர்வான அங்கி ஒன்றைத் தானும் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கொன்சுலாசியோனின் இடுப்பில் ஜோவெலின் இருந்தாள். தாய் என்று மருத்துவச்சி பதிந்த பெயரும் கொன்சுலாசியோன்தான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தண்டனை. குழந்தை அம்மாவின் அறையில் படுக்கும். நெனிதா அடுத்த அறையில். பசித்து அழும் குரல் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும். அம்மா புட்டிப்பாலை ஆற்றுகிற சத்தமும் வரும். இங்கே நெனிதாவின் மேல்சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். போய்த் தூக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தூக்கினால் பழகிவிடுமாம், பழகிவிட்டால் ஊருக்கு வாய் வந்துவிடுமாம். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நடுவே இருக்கிற தூரம் பசிபிக் கடலைவிடப் பெரியது என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பிற்பாடு கடலைத் தாண்டியது ஒரு பொருட்டாகவே இல்லை.

கடற்படையில் சமையல்காரராக இருந்த அர்செனியோவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. "உன் தங்கச்சியைக் கூட்டி வெச்சுக்கலாமா, நம்ம பொண்ணு மாதிரி இருக்கட்டுமே" என்று அவரே ஒருநாள் கேட்டார். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவர் இறந்தபின் கல்லறைக்குப் பூ கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் சொன்னாள். கல் என்ன பதில் சொல்லும்?

கொன்சுலாசியோன் இறந்தபோது நெனிதா ஊருக்குப் போனாள். சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறிய ஜோவெலின் திரும்பி இவள் தோளில் விழுந்தாள். "இனிமே எனக்கு அம்மா இல்லக்கா. நீங்கதான் எனக்கு அம்மா மாதிரி" என்றாள்.

மாதிரி. அந்த ஒரு சொல்லைத்தான் நெனிதா விமானத்தில் திரும்பும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இதையெல்லாம் அவள் டில்லர்டிடம் கோவையாகச் சொல்லவில்லை. பாதி அழுகையாகவும் பாதி மன்னிப்பாகவும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"விண்ணப்பத்துல பொய் எழுதிட்டேன் சார். வேலை போயிடுமா?"

அதைத் தான் முடிவுசெய்வதில்லை என்றார். கேட்டதை எழுதி அனுப்புவது மட்டும் தன் வேலை. எடைபோடுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கேள்வி கேட்டவுடன் தானாகத் திருத்திச் சொன்னாள் என்றும் எழுதுவார். அதேசமயம் தங்கை என்பதைவிட மகள் என்பது இன்னும் நெருங்கிய உறவு. வெளிநாட்டில் இருக்கும் மகளை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அதையும் மறைக்காமல் சொன்னார்.

நெனிதா தலையாட்டினாள். கேக் வெட்டுகிற காட்சி கண்முன் வந்து போயிற்று. ஆச்சரியம், அது அவ்வளவு பயமாக இல்லை.

"ஒண்ணு கேக்கணும் மேடம். கேட்டே ஆகணும்" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊர்ல எங்க தெருவுக்கே தெரியும் சார்."

"உங்க பொண்ணுக்கு?"

"தெரியாது."

அவர் அதை எழுதினார்.

"பாசம் இருக்கறது தப்பில்ல. எல்லாருக்கும் எங்கேயாவது யாராவது இருக்காங்க" என்றார். "யாரோ ஒருத்தன் வந்து, உன் பொண்ணுகிட்ட சொல்லிடுவேன்னு உங்களைப் பயமுறுத்த முடியும் பாருங்க, அங்கதான் கேள்வியே. அந்தப் பிடி இன்னும் இருக்கு. அதை இருக்குன்னுதான் நான் எழுதணும்." நிறுத்தினார். "நீங்க என்ன செய்யணும்னு நான் சொல்லக்கூடாது. நான் சொல்லல."

மீண்டும் அடித்தது கைபேசி.

இந்தத் தடவை கால்களை அவள் பிடித்து நிறுத்தவில்லை. உள்ளே போனாள். கட்டிலின் மேல், அர்செனியோ படுத்துவந்த பக்கத்தில், ஒளிவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள்.

"எங்கக்கா போனீங்க? எத்தனை தடவை கூப்பிடறது? தூங்கிட்டீங்களா, இல்ல அங்க யாராவது வெள்ளைக்காரக் கிழவன் மாட்டிக்கிட்டானா?" ஜோவெலின் சிரித்தாள். மடியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அதற்கு ஞானஸ்நானம். ஞானத்தாயான நெனிதா வரமுடியாததால் அவளுக்குப் பதில் பக்கத்து வீட்டம்மா நிற்கிறாள் என்றும், வெள்ளைச் சட்டை கழுத்தில் கொஞ்சம் இறுக்குகிறது என்றும் அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு கேட்டாள்.

"ஆமா, கேக்கணும்னே இருந்தேன். இவன் பேச ஆரம்பிச்சா உங்களை என்னன்னு கூப்பிடச் சொல்லட்டும்? பெரியம்மான்னா, ஞானம்மான்னா? ரெண்டும் வாய்க்கு நீளமா இருக்கு."

நெனிதா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். தாய்மொழி அவருக்குப் புரியாது. புரிந்தாலும் இனி என்ன?

"பாட்டின்னு கூப்பிடச் சொல்லும்மா."

"பாட்டியா? உங்களுக்கு என்ன அவ்வளவு வயசாயிடுச்சு?"

"வயசுக்காகச் சொல்லல ஜோவெலின். கிமராஸ்ல, சித்தி வீட்ல, உன்னைப் பெத்தது நான். அம்மா இல்ல. நான்தான்."

மறுமுனையில் சிரிப்பு பாதியில் அறுந்தது. கூரைவிசிறி சுற்றுவது கேட்டது. குழந்தை சிணுங்கலிலிருந்து அழுகைக்கு ஏறியது. அந்த அழுகையை இவள் அறிவாள். பலகைச் சுவருக்கு அப்பால் கேட்ட அதே குரல், ஒரு தலைமுறை கழித்து.

"மன்னிச்சிடும்மா" என்றாள். "திட்டணும்னா திட்டு. நாளைக்கு விசேஷத்தை வெச்சுக்கிட்டு இப்படிச் சொல்றேன். வேணும்னா வெச்சிடறேன், அப்புறமா..."

"வைக்காதீங்க."

அது யாருடைய குரலோ போல் இருந்தது.

"எதுவும் பேச வேணாம். எனக்கு இப்ப எதுவும் கேக்க வேணாம்" என்றாள் ஜோவெலின். "ஆனா வைக்காதீங்க."

அக்கா என்று சொல்லவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை. எந்தச் சொல்லும் இல்லாமல் அங்கேயே நின்றாள். நெனிதா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு விசும்பல், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிற மெல்லிய சத்தம். தட், தட். ஒவ்வொரு தட்டும் இவள் முதுகில் விழுவதுபோல் இருந்தது.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. அவள் கைபேசியோடு வெளியே வந்தாள். டில்லர்ட் பையை மூடித் தோளில் மாட்டியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், காதோடு ஒட்டியிருந்த கையைப் பார்த்தார். உட்காருங்கள் என்று இவள் மறுகையால் சைகை காட்டினாள். மிச்சக் கேள்விகளுக்கு இன்னொரு நாள் வருவதாக அவர் உதட்டசைவில் சொன்னார்.

மேசையில் லும்பியா ஆறிக் கிடந்தது. பழக்க தோஷம்; ஒரு கையாலேயே அலுமினியத் தாளை இழுத்து நாலைந்தைச் சுருட்டி அவரிடம் நீட்டினாள். அவர் பெருமூச்சு விட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். விதி.

"தெரிஞ்சுகிட்டாங்களா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டார்.

தெரிந்துவிட்டது என்று நெனிதா தலையசைத்தாள்.

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். படியிறங்கப் போனவர், அவளுடைய இரண்டு கைகளுமே ஒழிவில்லாமல் இருப்பதைக் கண்டு திரும்பினார். ஒரு கையில் வாங்க ஆளில்லாத பொட்டலம், மறுகையில் இன்னும் பெயர் வைக்காத அந்த மௌனம். அவரே கைப்பிடியைப் பற்றி, தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டின் கதவைச் சாத்துவதுபோல் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.